செல்வநாயகி ஏறாத உச்சி

விருத்தாசலத்துப் பெண் ஒருத்தி மலையேறிப் பிழைக்கிறாள் என்றால் ஊரில் நம்ப ஆளில்லை. ஊர்ப் பெயரில் ‘அசலம்’ என்றுதான் மலை இருக்கிறது. உயரம் என்று அண்ணாந்து பார்க்கக் கோயில் கோபுரமும் செராமிக் சூளைகளின் புகைபோக்கிகளும்தான். விடுமுறையில் வரும்போதெல்லாம் செல்வநாயகியை நிறுத்திக் கேட்பார்கள், ஏறி இறங்கினால் யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று. முதலில் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, பணக்காரர்களை மேய்க்கிறேன் என்று சொல்லத் தொடங்கினாள்.

அது பொய்யுமில்லை. கல்லூரியில் என்.சி.சி. மூலம் உத்தரகாசிக்குப் பயிற்சிக்குப் போனவள், அந்தப் பக்கமே தங்கி, மணாலியில் ஒரு கம்பெனியில் மலையேற்ற வழிகாட்டியாகச் சேர்ந்துவிட்டாள். அவளிடம் வருகிறவர்கள் மூட்டையைக் கூலியாள் முதுகில் ஏற்றிவிடுவார்கள். கயிறு கட்டுவது அவள், பனியில் படி வெட்டுவது அவள், டீ போட்டுக் கொடுப்பதும் அவள். கீழே இறங்கி செல்போனில் சிக்னல் கிடைத்ததும் மலையை ஜெயித்துவிட்டதாகக் கத்துவார்கள். ஜெயிப்பதற்கு மலை என்ன எலக்‌ஷனிலா நின்றது என்று அவளுக்குத் தோன்றும். யார் வந்தார், யார் போனார் என்று மலைக்குத் தெரியாது. காலைப் பார்த்து வைத்து முழுசாகத் திரும்பி வருவதுதான் வேலை. அதற்கு மேல் பேசுகிற எவரையும் அவள் மதித்ததில்லை.

2006 கோடையில் அப்படி வந்தவர்களில் ஒருவர் கோதண்டபாணி. செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைக் கம்பெனி வைத்திருந்தவர். அவளுடைய அப்பா பச்சமுத்துவின் முதலாளி. அக்டோபரில் நகராட்சித் தேர்தல். ஊரில் எவனும் செய்யாததைச் செய்து காட்டிவிட்டுக் கவுன்சிலருக்கு நிற்பது அவர் திட்டம். கடைசி முகாமுக்கு வந்ததுமே, உச்சியில் நடக் கொண்டுவந்திருந்த கொடியை அங்கேயே பிடித்துக்கொண்டு விதவிதமாகப் போட்டோ எடுத்துக்கொண்டார். இவரிடமா அப்பா கைகட்டி நிற்கிறார் என்று செல்வநாயகிக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் ஏறும்போது தலை வலிக்கிறது என்றார். நாலு எட்டுக்கு ஒரு தரம் உட்கார்ந்தார். தலைவலியைச் சாதாரணமாக விடக் கூடாது என்பது அவள் பயிற்சியில் படித்த முதல் பாடம். ஆனால் சொன்னது கோதண்டபாணி ஆயிற்றே. நோகாமல் வளர்ந்த உடம்பு, நடிக்கிறது என்று நினைத்து நடக்க வைத்தாள். உச்சி கண்ணெதிரே இருந்தது. அப்போது அவர் கையுறையைக் கழற்றி, அதைக் காலணிக்கு மேல் மாட்டப் பார்த்தார். மாட்ட முடியாமல் சிரித்தார்.

உயரம் அவர் மூளையைத் தாக்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் ஏற்றியிருந்தால் பிணத்தைத்தான் இறக்கியிருப்பாள். அந்த இடத்திலேயே திருப்பிக் கயிற்றில் பிணைத்து, இழுத்தும் தாங்கியும் கீழ்முகாமுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். நினைவு தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, கொடியோடு எடுத்த போட்டோ பத்திரமாக இருக்கிறதா என்பது. மனசுக்குள் தன்மேலேயே காறித் துப்பிக்கொண்டிருந்த அவளுக்கு, ஆளைப் பற்றி நினைத்ததாவது சரிதான் என்று அந்தக் கேள்வி கிட்டத்தட்ட ஆறுதலாக இருந்தது.

மணாலியில் மழை தொடங்கி மலையேற்றம் நின்றதும் அவள் ஊருக்கு வந்தபோது, ஊர் நடுவே பாலக்கரையில் ஆளுயரத்துக்கு மேல் பேனர் நின்றது. கொடி பிடித்த கோதண்டபாணியின் போட்டோவுக்குக் கீழே சிகரம் தொட்ட செம்மல் என்று போட்டிருந்தது. பாராட்டு விழாவுக்கு அவளையும் அழைத்து, பொன்னாடை போர்த்தி, கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

“நாங்க உச்சிக்குப் போவல,” என்றாள். “இவருக்கு ஒடம்புக்கு முடியாமப் போச்சு. அத நான் கவனிக்காம வுட்டுட்டேன், அது என் தப்பு. பாதியிலயே திரும்பிட்டோம்.”

கோதண்டபாணி எழுந்து வந்து மைக்கை வாங்கினார். “பாத்தீங்களா, நம்ம ஊர்த் தங்கச்சிக்கு எவ்ளோ தன்னடக்கம்,” என்றார். “மலைமேலயும் இப்படித்தாங்க, எதையுமே பெருசா சொல்லிக்க மாட்டாங்க.”

அவருக்குத் தட்டியதைவிடப் பலமாக அவளுக்குத் தட்டினார்கள். முன்வரிசையில் அவளுடைய பழைய டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர்களிடம் உண்மையைச் சொல்ல நினைத்தோமே என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வீட்டில் பச்சமுத்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி சொன்னார்: “நீ சொன்னது நெசம்னு தெரியும்மா. தெரிஞ்சிதான் நானும் கை தட்னேன். நாளைக்கு நான் வேலைக்குப் போவணுமில்ல.”

எல்லோரையும் எடுத்தெறிந்து பேசுகிறவள், பொன்னாடையை மடித்து அவர் சட்டைக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

அக்டோபரில் கோதண்டபாணி கவுன்சிலரானார். அடுத்த கோடையில் சென்னையிலிருந்து வந்த ஒரு கூட்டத்தை அவள் உச்சிக்கு அருகிலிருந்து திருப்பினாள். அவர்களில் மிகவும் பீற்றிக்கொண்டிருந்த ஒருவனுக்குக் கால் லேசாகத் தள்ளாடியது, அவ்வளவுதான். மற்றவர்கள் கொதித்தார்கள். எங்களுக்கு நன்றாகத்தானே இருக்கிறது, கம்பெனியில் புகார் கொடுப்போம் என்றார்கள்.

“தாராளமா குடுங்க,” என்றாள் செல்வநாயகி. “கீழ போயி உச்சியத் தொட்டோம்னு சொல்லிக்கிங்க, கை தட்ட ஆளு இருக்கும். இப்ப நடங்க.”