அத்தை படத்துக்கு நான் கொடுத்த நிறம்

போன மாதம் அலுவலகத் தோழி ஒருத்தி நகரத்தில் நடந்த ஓர் ஓவியக் கண்காட்சிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஆவடியில் ரயில் பிடித்து, இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உள்ளே ஆளுயரப் படங்கள். எல்லாவற்றிலும் கறுத்த பெண்கள். இப்போது இதற்குத்தான் மதிப்பு என்றாள் தோழி. ஜிப்பா போட்ட ஒருவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்தில் நின்றால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நின்றேன். முடியாது என்று சொல்லிவிட்டு அதற்கு விளக்கம் வேறு சொல்ல எனக்குத் தெம்பில்லை. அந்தப் பெண்களின் முகங்களைவிட நான் கைகளைத்தான் அதிகம் பார்த்தேன். எந்தப் படமானாலும் முதலில் கைகளைப் பார்ப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒட்டிக்கொண்ட பழக்கம்.

அத்தை இறந்தபோது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் தங்கை, வேப்பம்பட்டில் வாழ்க்கைப்பட்டவர். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அப்போதுதான் நன்றாகப் பேச ஆரம்பித்திருந்த அவருடைய மகள் முத்தாபுதுப்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தாள். விளக்கு வைக்கும் நேரமானால் வாசலில் போய் நின்றுகொண்டு அம்மா எங்கே என்பாள். பதில் சொல்லி மாளவில்லை. கூடத்தில் ஒரு படத்தை மாட்டி இதுதான் அம்மா என்று காட்டினால் பிள்ளை தேறிவிடும், முகமும் மறக்காது என்று பெரியப்பா முடிவு செய்தார்.

படத்துக்கு எங்கே போவது? கேமராவைக் கண்டால் அத்தைக்கு அடுப்படியில் அவசர வேலை வந்துவிடும். இருந்தது ஒரே ஒரு கல்யாணப் போட்டோ. அதில் பவுடரும் ஸ்டூடியோ விளக்கும் சேர்ந்து யாரோ ஒரு வெள்ளைக்காரியை மணையில் உட்கார வைத்திருந்தன.

அம்மாவின் அண்ணன் ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருந்தார். பகலெல்லாம் தொழிற்சாலையில் வண்டிகளுக்குப் பச்சை பெயிண்ட் அடிப்பார். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, படத்திறப்புக்காக இறந்தவர்களின் படங்களை வரைந்து கொடுப்பார். அத்தையின் பதினாறாம் நாள் காரியத்துக்கும் அவரே வரைவது என்றாயிற்று. போட்டோவை வைத்துக் கண்ணையும் மூக்கையும் கொண்டுவந்துவிட்டார். நிறத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க அத்த கலரு அப்டியே உனுக்குத்தான் வந்துகீது. ஆடாம குந்து."

புழக்கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா குழைத்த பெயிண்டை என் கன்னத்தருகே கொண்டுவந்து ஒத்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி குழைப்பார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வருஷா வருஷம் பள்ளி நாடகத்தில் அரக்கி வேஷம் வாங்கித் தந்த நிறம், முதல்முறையாக என்னை நாற்காலியில் உட்கார வைத்திருந்தது. மடியில் கிடந்த என் கைகளைப் பார்த்தே அத்தையின் கைகளையும் வரைந்தார், கொஞ்சம் பெரிதாக. முடித்தபோது அத்தையே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியப்பா வந்து வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா மச்சான், இவ்ளோ கருப்பா போட்டுகீற?"

"அவுங்க கலரே அதான மச்சான்?" என்றார் மாமா.

"அது எனுக்குத் தெரியாதா? உசுரோட இருந்தப்ப கருப்பி கருப்பின்னு எத்தினி பேச்சு வாங்குச்சு. பொண்ணு பாக்க வந்தவனுங்க காபிய கூட குடிக்காம எயுந்து போனானுங்க. செத்தப்பொறவாச்சும் செவப்பா இருந்துட்டுப் போவட்டும்யா."

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துவிட்டது. மாமா வெள்ளை டியூபைப் பிதுக்கினார். நெற்றி வெளுத்தது, கன்னம் வெளுத்தது, கழுத்து வெளுத்தது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. வெயிலில் உட்கார்ந்ததால்தான் என்று அம்மா மோர் கொடுத்தாள். கைகளுக்கு வரும்போது மாமா பிரஷ்ஷைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

"கையெல்லாம் மாலைக்குக் கீய பூடும். யாருக்குத் தெரியப்போவுது."

அவருக்கு அலுப்பா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை.

பதினாறாம் நாள் துணியை விலக்கியதும் மகாலட்சுமியாட்டம் கீறா என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அத்தையை எழுந்துபோய் அவமானப்படுத்தியவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை, வந்தவர்கள் எல்லாம் நம் ஆட்கள்தான். பெரியப்பா குழந்தையைத் தூக்கிப் படத்துக்கு நேராகப் பிடித்தார்.

"அம்மாடா கண்ணு. கும்புட்டுக்கோ."

அவள் படத்தைப் பார்த்தாள். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள்.

"இது யாரு?"

பிள்ளை பயந்துட்டா என்று யாரோ சொல்ல, சாப்பாட்டுக்கு இலை போடப் போய்விட்டார்கள். பெரியப்பா மட்டும் சாப்பிடவில்லை. அவர்மேல் அன்றும் எனக்குக் கோபமில்லை, இன்றும் இல்லை. நினைத்தால் அசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

படத்தைக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். அதன்பிறகு ஒரு வம்பு ஆரம்பமானது. காலையில் போட்ட மாலை மத்தியானத்துக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கும். பெரியப்பா பிளாஸ்டிக் மாலை வாங்கி வந்து இரண்டு பக்கமும் ஆணி அடித்தார். அதுவும் நகர்ந்தது. ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது கண்டுபிடித்துவிட்டேன். குழந்தை முக்காலிமேல் ஏறி நின்று மாலைக்கு அடியில் கையை விட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, பூவ பிச்சிகினு கீற?"

படத்தில் கோத்திருந்த கறுத்த கைகள்மேல் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். சொப்பு விளையாட்டுக்குப் பூ திருடுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். இடுப்பில் தூக்கி வைத்து இறக்கிவிட்டேன்.

அந்தக் கோடை முழுக்க அவள் என் கையைப் பிடித்துக்கொண்டால்தான் மத்தியானம் தூங்குவாள். அம்மாவின் கை வேண்டாம், பெரியம்மாவின் கை வேண்டாம், என் கைதான் வேண்டும். வேர்க்கிறது, விளையாடப் போக முடியவில்லை என்று நான் அம்மாவிடம் சலித்துக்கொள்வேன். தூங்கிவிட்டாள் என்று நினைத்து விரல்களை மெல்ல உருவுவேன். கண்ணைத் திறக்காமலே மறுபடி பிடித்துக்கொள்வாள். அவள் பிடித்திருந்தது யாருடைய கையை என்று அப்போது எனக்குத் தெரியாது.