குதிகாலுக்கு மேல் ஒரு பள்ளம்

குற்றாலத்தில் ஆனிச் சாரல். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகும்போது ஈரப் பாறையில் வலது கால் வழுக்கியது. விழாமலிருக்க முன்பாதத்தை ஊன்றி உந்தினேன். மூங்கில் முறிவதுபோல ஒரு சத்தம். குதிகாலுக்கு மேலே, பின்னாலிருந்து ஓங்கி ஓர் உதை.

திரும்பினேன். என் மனைவியின் தம்பி நின்றான்.

“ஏலே, கண்ணு பொடதியிலயா இருக்கு? ஏன்லே ஒதைச்சே?”

“நான் எங்க அத்தான் ஒதைச்சேன்? இங்கனல்லா நிக்கேன்!”

நான்கு முழம் தள்ளித்தான் நின்றான். நான் நம்பவில்லை. அன்றைய நாட்குறிப்பில், “காலை ஏழே கால். மைத்துனன் உதைத்தான். சுளுக்கு” என்று எழுதினேன்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரே சுளுக்கும் எடுப்பார். காலை இழுத்து உருவினார். “பாதம் அசையுதுல்லா அண்ணாச்சி? ஒண்ணுமில்ல. நடந்தாச் சரியாப் போவும்.”

ஊருக்குத் திரும்பி, இலத்தூரில் எங்கள் வீட்டில் ஒன்பது நாள் அதை நம்பி நடந்தேன். வலி குறைந்தது. ஆனால் கால் மண்ணை உந்தவில்லை, தட்டையாக விழுந்தது. நான் நில அளவைக்காரன். நிலம் அளக்கும் சங்கிலியோடு நாள் முழுவதும் வரப்பு ஏறி இறங்குவதுதான் என் பிழைப்பு. வலி குறையக் குறையப் பயம் கூடியது.

பத்தாம் நாள் மனைவி வில்வண்டியில் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் காலைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: “பின்னால யாரோ ஒதைச்ச மாதிரி இருந்துச்சா?”

மனைவி முந்திக்கொண்டாள். “எந்தம்பிதான் ஒதைச்சான்னு இவுக ஒம்போது நாளா அவன் மூஞ்சியிலயே முழிக்கலை, டாக்டர்.”

“ஒங்க தம்பி பாவம்மா. இதோட வாரவுக எல்லாரும் யாரையாவது திட்டிட்டுத்தான் வாராக.”

என்னைக் குப்புறப் படுக்கவைத்து, பாதங்களை மேசை விளிம்புக்கு வெளியே விடச் சொன்னார். இடது பாதம் சற்றே விறைத்துச் சாய்ந்திருந்ததாம். வலது செத்ததுபோல நேராகத் தரையை நோக்கித் தொங்கியதாம். மனைவி பிறகு சொன்னாள். டாக்டர் குதிகாலிலிருந்து விரலை மேலே ஓட்டினார். மூன்று விரற்கடை தாண்டியதும் விரல் உள்ளே இறங்கியது. அந்தப் பள்ளத்தை நானும் உணர்ந்தேன்.

“அக்கிலிஸ் நாண் அறுந்திருக்கு” என்றார் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் தடித்த நார்).

“பாதம் அசையுதே, டாக்டர்?”

“அது பக்கத்துத் தசைங்க செய்யுத வேலை. அதுல ஏமாறக் கூடாது. மேசையைப் பிடிச்சுக்கிட்டு, வலது கால்ல மட்டும் நின்னு குதிகாலைத் தூக்குங்க.”

வேர்த்துக் கொட்டியது. குதிகால் தரையை விடவில்லை.

“நொண்டியாயிருவேனா?”

“அன்னைக்கே வந்திருந்தா, ஆக மாட்டீகன்னு தைரியமாச் சொல்லியிருப்பேன்.”

பாதம் கீழ்நோக்கியபடி, முழங்காலுக்கு மேல்வரை எட்டு வாரம் மாவுக்கட்டு (தண்ணீரில் குழைத்துப் பூசினால் கல்லாய் இறுகுவது). உள்ளே நாண் சேர்கிறதா என்று பார்க்க வழியில்லை. நாட்குறிப்பில் தினமும் ஒரே சொல்லை எழுதினேன்: “தெரியவில்லை.”

கட்டைப் பிரித்தபோது கெண்டைக்கால் வேறு யாருடையதோ போல மெலிந்திருந்தது.

இதைப் படிக்கும் உங்களுக்கு இப்படி நேர்ந்தால், யாரையும் உருவ விடாதீர்கள். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஏழாம் மாதம் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கினேன். மனைவி தரையோடு தலைசாய்த்துப் பார்த்தாள். “ஒரு நெல்லு கனம் எந்திரிச்சிட்டு” என்றாள்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். முன்பெல்லாம் வரப்பைத் தாண்டும்போது எனக்குக் கால் இருப்பதே தெரியாது. இப்போது ஒவ்வொரு வரப்பின் முன்னும் நிற்கிறேன். சங்கிலிக்காரர்கள் எதிரே காத்திருக்கிறார்கள். அந்தச் சிறு நேரத்தில் எனக்கு வலது காலைத் தவிர வேறு உடம்பு இல்லை. பிறகு தாண்டுகிறேன்.