மூன்று விடையும் தவறாக இருந்த கேள்வி

ரஹமத் அக்காவின் மகள் போனில் அழைத்தபோது நான் வார்டில் இருந்தேன். "அம்மா மவுத்தாயிட்டாங்க" என்றாள். அடக்கத்துக்காக உடுமலைப்பேட்டைக்கு பஸ் ஏறியபோதே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. அவரிடம் படித்த நர்ஸுகள் பலர், அவர் கம்ப்யூட்டருக்குப் பயந்தவர் என்றே இன்னும் நம்புகிறார்கள். அந்தப் பேச்சைக் கிளப்பியவள் நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில், அக்காவும் நானும் பாடம் நடத்திய நர்ஸிங் பள்ளிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. மருத்துவச் சாமான் விற்பவர் ஒருவர் தாய்ப்பால் பாடம் அடங்கிய சிடி ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். படம் ஓடும், கேள்வி வரும், விடையை அழுத்தினால் மதிப்பெண் காட்டும். மாணவிகள் முண்டியடித்து உட்கார்ந்தார்கள். அக்கா மட்டும், "ஏனுங்க, பாடுபட்டு எடுத்ததை எதுக்குங்க சும்மா தர்றாங்க?" என்று அவரிடமே கேட்டார். அவர் சிரித்து மழுப்பினார். எங்கே தன் வகுப்பு போய்விடுமோ என்று அக்காவுக்குப் பயம் என நான் ஆசிரியர் அறையில் சொன்னேன்.

சில வாரம் கழித்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த ஒரு பெண், பிரசவமான மூன்றாம் நாள், வார்டில் பால் போதவில்லை என்று அழுதாள். சிடியில் முழு மதிப்பெண் வாங்கியிருந்த மாணவி பவுடர் பால் கரைக்கக் கிளம்பினாள். அக்கா அவளை நிறுத்திவிட்டுக் குழந்தையைப் பார்த்தார். காம்பின் நுனி மட்டுமே அதன் வாயில் இருந்தது. குழந்தையை நெருக்கி அணைக்கச் சொல்லி, அது வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, மறுபடி பிடிக்க வைத்தார். சற்று நேரத்தில் குழந்தை விழுங்கத் தொடங்கியது.

"பால் இருக்குது கண்ணு. அவனுக்குப் புடிக்கத்தான் தெரியல" என்றார்.

அன்று வகுப்பு முடிந்ததும் என்னைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார். பால் போதவில்லை என்று தாய் சொன்னால் என்ன செய்வது என்ற கேள்விக்கு மூன்று விடைகள்: பவுடர் பால், பசும்பால், இரண்டையும் மாற்றி மாற்றி. குழந்தை பால் பிடிக்கும் விதத்தைப் பார்க்கச் சொல்லும் விடையே இல்லை. முதல் வாரமே அதைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா?"

"பயத்துல சொல்றேன்னு சொல்லியிருப்பீங்க" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

சிடியை உடைத்துப் போடுவார் என்று நினைத்தேன். அவரோ ஒவ்வொரு வருடமும் அதே கேள்வியைத் திரையில் வைத்து, விடுபட்ட விடையை மாணவிகளையே சொல்லவைத்தார். அதைக் கொடுத்தவர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை. அவருக்குப் பின்னால் பவுடர் பால் விற்பவர்கள் யாராவது இருந்தார்களா என்பது கடைசிவரை தெரியவில்லை.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அவருடைய மாணவிகளாகிய உங்களிடம் உண்மையையாவது சொல்லிவிட்டேன். இன்றும் ஒரு தாய் பால் போதவில்லை என்று சொன்னால், நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்காருகிறேன். குழந்தை விழுங்கும் சத்தம் காதில் விழும்வரை அங்கிருந்து எழுந்திருப்பதில்லை.