வாளிக்குப் போர்த்திய கம்பளி

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கடையில் ஒரு பக்கம் பிளாஸ்டிக் சாமான், மறுபக்கம் கண்ணாடித் தொட்டிகளில் வளர்ப்பு மீன். வாளி வேண்டும் என்றதும் கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), "தண்ணி புடிக்கவாக்கா, உடுப்பு தொவைக்கவா?" என்று கேட்டார். தூண்டிலில் கோக்கிற பொடி மீனை உயிரோடு வைத்திருக்க என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயதுப் பொம்பளை தூண்டில் சாமான் கேட்டால் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஆசைப்பட்டது நான் இல்லை, என் வீட்டுக்காரர். அவருக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, நோர்வூட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளாக இருக்கும் எங்கள் லயத்துக்குத் திரும்பி நாலு மாதம் ஆகியிருந்தது. நடக்கலாம், சின்னச் சின்ன வேலை செய்யலாம் என்றுதான் டாக்டர் சொல்லி அனுப்பினார். மனுஷன் கட்டிலை விட்டு எழும்பவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், மாத்திரை கொடுத்தால் விழுங்குவார், எதைக் கேட்டாலும் 'ம்' என்பார். நோய் போய்விட்டது, ஆள்தான் இன்னும் திரும்பி வரவில்லை என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அப்படி இருந்தவர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தானாகவே வாயைத் திறந்தார்.

"ஞாயித்துக்கெழம டேம் பக்கம் போய் தூண்டி போடலாமான்னு பாக்குறேன். பழைய வாளி ஓட்டையா போச்சு. ஒன்னு வாங்கணும்."

உயிர் மீனைக் கோத்துப் போட்டால்தான் பெரிய விலாங்கு கடிக்கும் என்பது அவருடைய கட்சி. எனக்கு விலாங்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அவர் ஒன்றை விரும்பிக் கேட்டாரே, அது போதும். "நீங்க இருங்க, நான் போய் வாங்கியாறேன்" என்று அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அவரை பஸ்ஸில் ஏற விடுவேனா நான்?

கடையில் நான் உயரமான ஒரு வாளியை எடுத்தேன். நானா அதை வாங்கித் திரும்ப வைத்துவிட்டார்.

"ஒசரம் வேணாக்கா, வாய் அகலமா இருக்கணும். தண்ணியில காத்து படுற எடம் கூட இருந்தாத்தான் அதுகளுக்கு நல்லது."

அகல வாளி, அதற்கு ஓட்டை போட்ட மூடி, மீனை அள்ள ஒரு சின்னக் கைவலை. கையால் பிடித்தால் உடம்பின் வழவழப்பு போய் மீன் சீக்கிரம் செத்துவிடுமாம். கடைசியாக பற்றரியில் ஓடும் ஒரு குட்டி மோட்டாரை எடுத்துக் காட்டினார். அதன் குழாய் நுனியில் ஒரு கல். தண்ணீருக்குள் போட்டால் அந்தக் கல்லிலிருந்து காற்று குமிழ் குமிழாக வந்தது.

"பத்து மீனுக்கு மேல போடாதீங்க. ஓடையில புடிச்சா ஓடைத் தண்ணியே ஊத்துங்க. குளுமையான எடத்துல வைங்க."

முதல் இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டேன். மூன்றாவதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை தூண்டில் முள்ளில் குத்தப்போகிற மீனுக்கு இத்தனை உபசாரமா என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை மத்தியானம் மீன் பிடிக்க அவர் செருப்பைத் தேடினார். ஓடை லயத்துக்குக் கீழேதான். "பனி எறங்குது, கால் நனைஞ்சா நெஞ்சுல சளி கட்டும், பேசாம இருங்க" என்று உட்கார வைத்துவிட்டு நானே போனேன். கொசுவுக்குக் கட்டுகிற கிழிந்த நுளம்பு வலையைப் போட்டு அரித்து, பத்து மீனை எப்படியோ பிடித்துவிட்டேன். அவர் வாளிக்குள் வெகுநேரம் எட்டிப் பார்த்தார். "நல்ல துடிப்பா இருக்கு" என்றார். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல?

நான் இருபத்தெட்டு வருஷம் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தவள். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபின் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. அங்கே எங்களுக்கு ஒரே எதிரி குளிர்தான். ஜன்னலைச் சாத்து, கம்பளியைப் போர்த்து, அடுப்புப் பக்கமாகக் கிடத்து. நான் படித்த படிப்பெல்லாம் இவ்வளவுதான். அன்று ராத்திரி படுக்கப் போகும்போது பார்த்தால், அந்த மோட்டார் குளிர்காற்றை உள்ளே ஊதிக்கொண்டே இருக்கிறது. மீன்கள் ஒரு ஓரமாக ஒடுங்கி நிற்பது போலத் தெரிந்தது. பாவமாக இருந்தது. மோட்டாரை நிறுத்தினேன். வாளியை அடுப்பங்கரைக்கு நகர்த்தி, மூடியை அமுக்கி, தோட்டத்தில் கொடுத்த கறுப்புக் கம்பளியை இரண்டாக மடித்துச் சுற்றிவிட்டேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு போய்ப் படுத்தேன்.

விடியற்காலையில் அவர்தான் கம்பளியை விலக்கினார். பத்தும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

அவர் தண்ணீருக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "வெதுவெதுன்னு இருக்கே. மோட்டார ஏன் நிப்பாட்டுன?"

"குளிருமேன்னுதாங்க..."

"அதுக மூச்சு விடுறதே அதுலதான் புள்ள. குளுந்த தண்ணியிலதான் அதுக நல்லா இருக்கும்."

போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாலு மாதத்தில் ஒரே ஒரு ஆசை வந்தது, அதையும் நானே கொன்றுவிட்டேன்.

செத்த மீன்களை வெளியே கொட்டிவிட்டு வந்து அந்த அறையைப் பார்த்தேன். ஜன்னல் இடுக்கில் நான் திணித்த பழைய துணி. கட்டிலுக்கடியில் நான் வைத்த தணல் சட்டி. அவர்மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்குமேல் இரண்டு கம்பளி. மனுஷன் எழும்புகிறாரில்லை, எழும்புகிறாரில்லை என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேனே, அவர் எழும்பியபோதெல்லாம் பிடித்து உட்கார வைத்தது யார்? முந்தின நாள் செருப்பைத் தேடியவரைத் தடுத்தது யார்? என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

துணியை இழுத்துப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தேன். பனி உள்ளே வந்தது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏங்க, எனக்கு இந்த மீன் வேலையெல்லாம் தெரியாது. நீங்களே போய்ப் புடிச்சிக்கிருங்க."

"சளி கட்டாதா?"

"கட்டுனா கட்டட்டும்."

எழும்பினார். வாளி, கைவலை, மோட்டார், தூண்டில், நுளம்பு வலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஓடையில் பிடித்துக்கொண்டு அப்படியே டேமுக்குப் போய்விடுவதாகச் சொன்னார். நானும் வருகிறேன் என்று தொண்டைவரை வந்ததை விழுங்கினேன். மாத்திரையையும் போனையும் மட்டும் அவர் சட்டைப்பையில் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி, "தனியாவா விடுறீங்க?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன்.

ஒன்பது மணிக்கு நான் அவருக்குப் போன் எடுத்தேன். "வந்து சேந்துட்டேன்" என்றார். பத்து மணிக்கு எடுத்தேன். "இருக்கேன், இருக்கேன்" என்றார். கால் மணி நேரம்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. மறுபடி எடுத்தேன்.

"ஏ, ஒனக்கு வேற வேலயே இல்லயா? இப்பதான் ஒன்னு வந்து மோந்து பாக்குது, அதுக்குள்ள இந்தச் சனியன் கத்துது. மனுசன மீன் புடிக்க விடு புள்ள!"

பட்டென்று வைத்துவிட்டார். அடுப்படியில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன். அவராக வந்து கதவைத் தட்டும்வரை நான் போனைத் தொடவில்லை.