போசிட்டிக்கு ஐந்து வாக்கியம்

எங்கள் வீட்டில் எதுவுமே இல்லாமலிருந்த அந்த வருஷத்தில்தான் எங்கள் இங்கிலீஷ் மிஸ்ஸுக்கு ஒரு பெரிய சொல்லின் மேல் ஆசை வந்தது. அடுப்புக்குக் காஸ் இல்லை, தேநீருக்குப் பால்மா இல்லை, பஸ்ஸுக்கு டீசல் இல்லை, பரீட்சைத் தாள் அடிக்கக் கடதாசிகூட இல்லை என்று பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள். பாடமெல்லாம் வாட்ஸ்அப்பில். மிஸ் குரல் பதிவு அனுப்பினார். எல்லாரும் 'ஷோர்ட்டேஜ், ஷோர்ட்டேஜ்' என்று எழுதி எழுதித் தனக்குச் சலித்துவிட்டதாம். அதையே சொல்வதற்குப் 'போசிட்டி' என்று ஓர் அருமையான சொல் இருக்கிறதாம். அதைப் போட்டு ஆளுக்கு ஐந்து வாக்கியம் சொந்தமாக எழுதிச் சொல்லிக்காட்ட வேண்டுமாம். நாட்டில் தட்டுப்பாடு இருக்கலாம், தட்டுப்பாட்டைச் சொல்லும் சொல்லுக்குத் தட்டுப்பாடு இருக்கக்கூடாது என்பது மிஸ்ஸின் கொள்கை.

நான் அப்போது ஏழாம் ஆண்டு. மஹய்யாவையில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். அப்பா நான் தவழும் வயதிலேயே எங்களை விட்டுப் போனவர். அவர் பேச்சை எடுத்தால் பெரியம்மாவுக்கு உடனே அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். பெரியப்பாவுக்குக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. என்னைப் பாசமாகத்தான் வைத்திருந்தார்கள், அதில் நான் பொய் சொல்லக்கூடாது.

ஆனால் அந்த மாதங்களில் அவர்களை நான் எங்கே பார்த்தேன்? விடிந்ததும் பெரியம்மா காஸ் வரிசைக்குப் போய்விடுவார். எங்கள் வெற்றுச் சிலிண்டரை முன்னால் நிற்கும் சிலிண்டரோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, லொறி வருகிறதா என்று பார்த்தபடி பொழுது சாயும்வரை ரோட்டோரத்தில் குந்தியிருப்பார். பெரியப்பா பஸ் இல்லாமல் நடந்தே போய் நடந்தே வருவார். பெரியம்மா பாடத்துக்காக விட்டுப்போன போனை வைத்துக்கொண்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டு, நான் தனியாக இருப்பேன். யார் தட்டினாலும் திறக்கக்கூடாது என்பது கட்டளை. யாரும் தட்டவில்லை. சில நாட்களில் யாராவது தட்டித் தொலைத்தால் என்ன என்றுகூட இருக்கும்.

போசிட்டிக்கு நான்கு வாக்கியம் எழுத எனக்குக் கஷ்டமே இல்லை. அடுப்படியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன், முடிந்தது. எங்கள் வீட்டில் காஸுக்குப் போசிட்டி, அதனால் பெரியம்மா கொல்லையில் கல் வைத்து விறகில் சமைக்கிறார். பால்மாவுக்குப் போசிட்டி, ஆகவே நாங்கள் வெறும் தேநீர் குடிக்கிறோம். கொப்பிகளுக்குப் போசிட்டி, நான் பழைய கொப்பிகளின் ஓரத்தில் எழுதுகிறேன். வெளிச்சத்துக்குப் போசிட்டி, இரவில் நாங்கள் மெழுகுதிரிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். எல்லாம் நல்ல இங்கிலீஷில்தான். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வேறு யாரிடம் சொல்ல?

ஐந்தாவதுக்கு வெகுநேரம் யோசித்தேன். கடைசியில், எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் போசிட்டி என்று எழுதினேன். அதையும் கண்ணாடியில் பார்த்துச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மிஸ்ஸுக்கு அனுப்பும் பதிவில் மூக்கு உறிஞ்சும் சத்தம் விழுந்துவிடுமே என்று முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி சொன்னேன்.

இத்தனைக்கும் அம்மா வரப்போகிற நேரம் அது. அந்தமுறை அக்ரிமென்ட் முடிந்ததும் ஒரேயடியாக வந்துவிடுவேன், இனிப் போகமாட்டேன் என்று சொல்லியிருந்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை வாடகைக்குப் பார்ப்பதாகவும், நானும் அவரும் மட்டும் இருப்பதாகவும் பேச்சு. நான் அந்த இரண்டு அறைக்குள் ஏற்கெனவே குடிபோய்விட்டிருந்தேன். கட்டிலை எந்தப் பக்கம் போடுவது, ஜன்னல் ஆற்றுப் பக்கம் இருக்குமா, இரவில் அம்மா எந்தப் பக்கம் படுப்பார் என்பதெல்லாம் தீர்மானமாகிவிட்டது. அம்மா வருவதுதான் பாக்கி.

அம்மா வெள்ளிக்கிழமை சாயந்தரம் வீடியோவில் பேசுவார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு நாடகம் நடக்கும். வெளிநாட்டில் இருப்பவருக்குக் குறை சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வீடுகளில் எழுதாத சட்டம். அங்கே தனியாகக் கிடந்து மாடாய் உழைக்கிற மனுசியிடம் இங்கே இது இல்லை, அது இல்லை என்று புலம்பினால் அவருக்குச் சோறு இறங்குமா என்பார் பெரியம்மா. அதனால் பெரியப்பா சட்டை மாட்டிக்கொள்வார். எனக்குப் பவுடர் பூசுவார்கள். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் தெரியாதபடி அலுமாரிக்கு முன்னால் கதிரை போட்டு உட்காருவோம். விறகுப் புகையில் சிவந்த கண்ணைப் பெரியம்மா தடிமன், சளி என்பார். கரண்ட் போனால், பூச்சி வருகிறது, நாங்கள்தான் லயிட்டை அணைத்தோம் என்பார். செய்தியைப் பார்த்து அம்மா கேட்டால், நமக்கு எல்லாம் எப்படியோ கிடைத்துவிடுகிறது என்பார். பெரியப்பா பாவம், பொய் வராத மனுசன். சிரித்துக்கொண்டு மட்டும் இருப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை, அம்மாவுக்கு என் இங்கிலீஷைக் காட்ட வேண்டும் என்று அடம்பிடித்தேன். பெரியம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நல்லாச் சொல்லு புள்ள, உங்கம்மா குளிர்ந்துபோவா என்றார். அவருக்கோ பெரியப்பாவுக்கோ இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. அம்மாவும் அவர்களோடு சேர்த்திதான் என்று நான் நினைத்திருந்தேன். குவைத்துக்குப் போனவர் அரபுதானே பேசுவார்?

சட்டத்தை மீறுவதாக எனக்குத் தோன்றவே இல்லை. காஸும் பால்மாவும் ஊருக்கே இல்லாதவை. ஊருக்கே இல்லாதது ஒரு வீட்டின் குறையாகுமா? தவிர, அது வீட்டுப்பாடம். வீட்டுப்பாடத்தில் யாரோ மார்க்கெட்டுக்குப் போவார், யாருக்கோ மாடு இருக்கும், அதையெல்லாம் யாராவது நம்புவார்களா? ஐந்தாவது மட்டும்தான் இடித்தது. அது அப்பட்டமான குறை. அதைச் சொன்னால் என் குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும், அம்மா அழுவார், பெரியம்மா திட்டுவார். ஆகவே நல்ல பிள்ளையாக ஐந்தாவதை விட்டுவிட்டு நான்கை மட்டும் சொன்னேன், தலையை ஆட்டி ஆட்டி, மேடையில் நிற்கிற பிள்ளை போல.

அம்மா போனை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டார். பிறகு அம்மா கேட்டார், "போசிட்டின்னா என்ன மகள்?"

"தட்டுப்பாடும்மா. ஷோர்ட்டேஜ்க்குப் பெரிய சொல்லு."

"இன்னொரு தடவ சொல்லு. மெதுவாச் சொல்லு."

என் இங்கிலீஷில் மயங்கித்தான் மறுபடி கேட்கிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, இன்னும் அழகாகச் சொன்னேன். பக்கத்தில் பெரியம்மா அடுப்பைப் பற்றியும் தன்னைப் பற்றியும் சொல்லப்படுவதை அறியாமல் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். அம்மா நல்லாருக்கு மகள், நல்லாப் படி என்றார். அன்றைக்குச் சீக்கிரமே போனை வைத்துவிட்டார்.

சில நாள் கழித்து மிஸ்ஸின் பதில் வந்தது. நான்குக்கும் 'குட்'. ஐந்தாவது பிழை, அந்தச் சொல் ஆட்களுக்கு வராது என்றார். நல்லவேளை, பிழையானதை அம்மாவிடம் சொல்லி மானம் போகவில்லை என்று ஆறுதல்பட்டுக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா பெரியம்மாவிடம்தான் முதலில் பேசினார். பெரியம்மாவின் முகம் மாறியது. ஏன்டி, வர்றேன்னுதானே சொன்ன என்று கேட்டார். வேலை செய்கிற வீட்டு மேடம் விடமாட்டேன் என்கிறார், இன்னும் இரண்டு வருஷத்துக்கு அக்ரிமென்ட் போட்டாயிற்று என்றாராம். அன்றிரவு நான் அந்த மேடத்தைச் சபித்த சாபத்தில் பாதி பலித்திருந்தாலும் குவைத்தில் ஒரு வீடு இருந்திருக்காது. ஆற்றோரத்து இரண்டு அறையை நானே காலி செய்துகொண்டு வெளியே வந்தேன்.

பிறகு சாமான்கள் வரத் தொடங்கின. அம்மாவோடு அங்கே வேலை செய்த கம்பளை ஊர்ப் பெண் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். பால்மா டின்கள், கட்டுக்கட்டாகக் கொப்பிகள், சார்ஜ் பண்ணி எரிக்கிற விளக்கு. காஸுக்கு என்று தனியாகப் பணம் வந்தது. பெரியப்பா யாரிடமோ சொல்லி, கூடுதல் விலைக்கு ஒரு நிறைந்த சிலிண்டர் கொண்டுவந்தார். அது எப்படி இவ்வளவு பொருத்தமாகத் தெரிந்து அனுப்பினாள் என்று பெரியம்மா அதிசயப்பட்டார். நீங்கள்தான் உளறியிருப்பீர்கள் என்று பெரியப்பாவைப் பிடித்துச் சண்டையும் போட்டார்.

அம்மா அந்த வீட்டில் என்ன பாஷை பேசினார் என்று எங்களில் யாரும் கேட்டதே இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் படித்தது இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில். பின்னேரங்களில் கடைக்குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் முடிக்க வைப்பதும் அம்மாவின் வேலைகளில் ஒன்று. இதெல்லாம் அவர் திரும்பி வந்த பிறகு, பேச்சோடு பேச்சாகச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அன்றைக்கு எத்தனையோ சொல் சொன்னேன். அதில் ஒன்றே ஒன்றுக்குத்தான் அவர் அர்த்தம் கேட்டார். மேடம் அவரைப் போகவேண்டாம் என்று சொல்லவே இல்லையாம்.

பெட்டி வந்த வெள்ளிக்கிழமை, புது விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாவோடு பேசினோம். விளக்கு பளிச்சென்று எரிந்ததில் நாங்கள் மூன்று பேரும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருப்போம். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"இப்ப ஒண்ணுக்கும் குறை இல்லயே மகள்?"

"ஒண்ணுக்கும் குறை இல்லம்மா."

அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த ஒரு பதிலைக் கேட்பதற்காகத்தான் அவர் வராமல் இருந்துவிட்டார் என்று எனக்கு அப்போது தெரியாது. சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்லிவிட்டேன் என்ற பெருமையோடு போனைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன்.