மூன்று நல்ல ஸ்கோப்புகள்

மாவு மில் கிடங்கில் எலி மருந்து வைக்க முடியாது. வாயில் போகிற பொருளுக்குப் பக்கத்தில் விஷத்தை வைத்துவிட்டு எவன் நிம்மதியாகத் தூங்குவான்? பூனை வளர்த்துப் பார்த்தார்கள். அது மூட்டைமேல் ஏறிக் குட்டி போட்டதே தவிர, எலி பிடித்ததாகத் தகவல் இல்லை. ரொட்டிக் கம்பெனியிலிருந்து மாவில் முடி கிடக்கிறது என்று புகார் வந்ததும் பூனைக் குடும்பத்தை மூட்டை கட்டி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எலிகளுக்கும் மில்லுக்கும் நடுவில் நின்றது கிடங்குக்காரரும் அவர் கையிலிருந்த ஏர் ரைபிளும்தான்.

கிடங்குக்காரருக்கு மில்லில் 'ஒத்தக்குண்டு' என்று பெயர். ஒரு எலிக்கு இரண்டாவது குண்டு செலவழித்ததில்லை என்பதால் வந்த பெயர். காலையில் சங்கு ஊதி ஆட்கள் உள்ளே வருவதற்கு முன்பு அவருடைய வேட்டை முடிந்துவிடும். மூட்டை அடுக்குகளுக்கு நடுவே நீளமாக ஒரு சந்து. அதன் ஒரு கோடியில் மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொள்வார். மறுகோடியில் குண்டு தாங்க மணல் மூட்டைகள். சுவரோரமாக எலி வரும், பாதி வழியில் ஒரு கணம் நின்று மோப்பம் பிடிக்கும். அந்த ஒரு கணம் போதும் அவருக்கு. சுட்ட எலியை வாலைப் பிடித்து வாளியில் போடும்போது அவர் முகத்தில் ஒரு பெரிய மனுஷத்தனம் வந்துவிடும். அதைப் பார்த்தால் கொஞ்சம் எரிச்சல்கூட வரும்.

அவர் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிச் சில்லைத் தேய்த்து பிரேமில் பொருத்துகிற வேலை பார்த்தாள். ஊரே அவள் தேய்த்த கண்ணாடி வழியாகத்தான் பேப்பர் படித்தது. கடையில் ஒருமுறை வந்து கண்ணைக் காட்டுங்கள் என்று பல வருஷமாகச் சொல்லிப் பார்த்தாள். துப்பாக்கி பிடிக்கிறவன் கண்ணாடி போட்டால் மில்லில் சிரிப்பார்கள் என்று அவர் தட்டிக் கழித்தார். அவளும் விட்டுவிட்டாள்.

இப்படிப்பட்டவருக்குக் குறி தவற ஆரம்பித்தது. முதலில் ஒரு குண்டு மூட்டையில் பாய்ந்து மாவு கொட்டியது. அடுத்தது தகரத்தில் பட்டு டணார் என்றது. எலி திரும்பிப் பார்த்துவிட்டு அவசரமில்லாமல் போனது. குழல் முனையில் குறி பார்க்க இருக்கும் சின்ன முளை பஞ்சு மாதிரி தெரிந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மேனேஜருக்கு மூட்டை ஓட்டை தெரியாமல் இருக்குமா? ஆண்டுக் கணக்கெடுப்பு வரைக்கும் பார்ப்பேன், சரிப்பட்டு வராவிட்டால் பொறி வைக்கிற கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுவிட்டு உங்களை மூட்டை தைக்கிற பிரிவுக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். தையல் பிரிவு ஒன்றும் நரகமில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்தால் அவர் ஒத்தக்குண்டு இல்லை, இன்னொரு கிழவர்.

துப்பாக்கி பழசாகிவிட்டது, குறி பார்க்க மேலே ஒரு ஸ்கோப், அதுதான் தொலைநோக்கிக் குழாய், மாட்டினால் சரியாகிவிடும் என்று மேனேஜரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ரைபிளை உறையில் போட்டுத் தோளில் மாட்டி, துப்பாக்கிக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவர். ஆனால் சரக்கு தெரிந்த வாய். கிடங்குக்காரர் கண்ணாடி அலமாரியில் இருந்ததிலேயே பெரிய ஸ்கோப்பைக் காட்டினார். முழங்கை நீளம், முன்பக்கம் டம்ளர் வாய் அகலம். கடைக்காரர் அதை எடுக்கவே இல்லை. அது தூரத்தில் இருக்கிற மானுக்கு, உங்கள் எலி நிற்கிற தூரத்தில் வெறும் புகைதான் தெரியும் என்றார். அதோடு அதிகமாகப் பெரிதாக்கினால் எலியோடு சேர்த்துக் கை நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சங்கதி உண்டு. வெடிமருந்துத் துப்பாக்கி சுட்டால் பின்னால் மட்டும்தான் உதைக்கும். ஸ்பிரிங் வைத்த ஏர் ரைபிள் பின்னால் ஓர் உதை, உடனே முன்னால் ஓர் உதை. அந்த இரட்டை உதைக்கென்று செய்யாத ஸ்கோப்பை இதில் மாட்டினால், உள்ளே இருக்கிற கண்ணாடி எல்லாம் கழன்று கிலுகிலுப்பை ஆகிவிடும்.

கடைசியில் அவர் எடுத்து வைத்தது அடக்கமான ஒன்று. நாலு மடங்குதான் பெரிதாக்கும். கிட்டத்தில் இருப்பதையும் தெளிவாகக் காட்டும். உதையில் பின்னால் நகராமலிருக்க ஒரு தடுப்புக் கட்டையும் உண்டு. கண்ணை வைக்கிற பக்கம் ஒரு வளையம். அதைத் திருகினால் உள்ளே இருக்கிற கூட்டல் குறி அவரவர் கண்ணுக்குத் தக்கபடி தெளியும். கிடங்குக்காரர் தெருவின் எதிர்ப்பக்கத்துப் பலகையைப் பார்த்தபடி மெதுவாகத் திருகினார். மங்கலாக இருந்த கோடு கறுத்து, இளைத்து, மயிரிழையாக நின்றது. பலகையில் இருந்த திருகாணியின் தலைகூடத் தெரிந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது என்றால் நம்ப மாட்டீர்கள். இருமுவதுபோலத் திரும்பிக்கொண்டார்.

ஒரு வாரம் ராஜ வாழ்க்கை. போட்ட குண்டெல்லாம் எலி. மேனேஜர்கூடத் தோளில் தட்டினார்.

பிறகு ஒரு காலையில் கூட்டல் குறி மறுபடியும் பஞ்சாகத் தெரிந்தது. வளையத்தைத் திருகினார், தெளிந்தது. சில நாள் கழித்து மறுபடி மங்கியது. இந்தத் தடவை எதிர்ப்பக்கம் திருக வேண்டியிருந்தது. கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் உச்சுக்கொட்டினார். இரட்டை உதை, வேறென்ன, உள்ளே ஏதோ தளர்ந்துவிட்டது என்று சொல்லி அதை வாங்கி வைத்துக்கொண்டு வேறொன்று கொடுத்தார். அதுவும் சில நாள் ஒழுங்காக இருந்துவிட்டு அதே கூத்தை ஆடியது. வேறு எவனாவது இருந்தால் முதல் நாளே கண் டாக்டரிடம் போயிருப்பான். இவர்கள் இருவருக்கும் துப்பாக்கி தெரியும். தெரிந்ததால் வந்த வினை. ஸ்பிரிங் ரைபிள் ஸ்கோப்பைக் கெடுக்கும் என்பது இருவருக்கும் மனப்பாடமாக இருந்ததால், வேறு எதையும் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

இதற்கிடையில் மனுஷர் தண்ணீராகக் குடித்தார். கிடங்குக்கு ஒரு பாட்டில் கொண்டுபோனவர் இரண்டு கொண்டுபோனார். அதற்கேற்றபடி கழிப்பறைக்கும் நடந்தார். பேண்ட் இடுப்பில் நிற்காமல் போக, மனைவி இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். எலியை நீங்கள் பிடிக்கிறீர்களா, எலி உங்களைத் தின்கிறதா என்று கேலி செய்தாள். கிடங்குச் சூடு, மாவுத் தூசி என்று அவர் பதில் வைத்திருந்தார்.

இரண்டாவது ஸ்கோப் மங்கியிருந்த நாட்களில்தான் அது நடந்தது. சங்கு ஊத இன்னும் நேரமிருந்தது. சந்தின் பாதியில், அடுக்கின் அடியில், சாம்பல் நிறமாக ஒன்று அசைந்தது. பெரிய எலி. ஓரம் கலைந்துதான் தெரிந்தது, ஆனாலும் அசைவு எலி அசைவுதான். கூட்டல் குறியை அதன்மேல் நிறுத்தி விரலை வைத்தார். விசை பாதி வந்துவிட்டது. அப்போது அந்த எலி இருமியது.

தையல் பிரிவுப் பெண். முந்தின நாள் உருண்டுபோன நூல்கண்டைத் தேடி முன்கூட்டியே வந்து, அடுக்குக்குப் பின்னால் மண்டியிட்டுக் குனிந்திருந்தாள். மாவுத் தூசிக்காகத் தலையைச் சுற்றிக் கட்டியிருந்த சாம்பல் துணியின் முனைதான் வெளியே ஆடியது. துணிக்குள்ளே தலை. நூல்கண்டு கிடைத்ததும் எழுந்து, சந்தின் கோடியில் பெட்டிமேல் ஒருவர் உட்கார்ந்திருப்பதைக்கூடக் கவனிக்காமல் போய்விட்டாள்.

கிடங்குக்காரர் விரலை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைத் தரையில் வைத்தார். பயம்தான், வேறென்ன சொல்வது. வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்ததும் வந்தது கோபம், அதுவும் ஸ்கோப்மேல். கடைக்குப் போய் அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். குறியில் வந்த தையல் பெண்ணைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைக்காரருக்கும் ரோஷம் வந்தது. மூன்றாவதாக, இருந்ததிலேயே உறுதியானதை எடுத்தார். கிடங்குக்காரரை வளையத்தைத் திருகித் தன் கண்ணுக்குச் சரி செய்யச் சொன்னார். பிறகு மெல்லிய தூரிகையால் வளையத்திலிருந்து குழல்வரை குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார்.

"அண்ணே, என்ன ஆனாலும் வளையத்தத் தொடாதீங்க. உதையில நகர்ந்துச்சுன்னா கோடு ஒடைஞ்சு காட்டும். அப்புறம் கம்பெனிக்காரன நான் பாத்துக்கறேன்."

அன்று சாயங்காலம் அதை வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவியிடம் காட்டினார். அவள் ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடித் துணிக்கொடியைப் பார்த்து, கொடியில் கிடக்கும் கிளிப்பின் கம்பிகூடத் தெரிகிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் துப்பாக்கியில் மாட்டினார். நாலைந்து நாள் தெளிவு. அப்புறம் பஞ்சு.

இந்தத் தடவை அவர் வளையத்தைத் தொடவில்லை. வெளிச்சத்தில் பிடித்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். மங்கலாகத்தான் தெரிந்தது. சரியாகத் தெரியாததால் நகத்தால் தடவிப் பார்த்தார். எங்கேயும் தடுக்கவில்லை. ஸ்கோப்பைக் கழற்றித் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மனைவி கோட்டை உற்றுப் பார்த்தாள். பிறகு கண்ணில் வைத்து எதிர்வீட்டு மாடியைப் பார்த்தாள்.

"அன்னிக்கி மாதிரியேதாங்க இருக்கு. கிளிப்பு கம்பி தெரியுது. கோடும் ஒடையல."

அவர் ஸ்கோப்பைத் திரும்பத் துணியில் சுற்றினார். நான் அப்போதே சொன்னேனே என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டதற்கே அவளைக் கும்பிடலாம். கொஞ்ச நேரம் கழித்து அவர் தலைத்துணி விஷயத்தைச் சொன்னார். பாதி வந்துவிட்ட விசையைப் பற்றியும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "நாளைக்கி உன் கடைக்கி வரேன்" என்றார்.

கண்ணாடிக் கடையில் பரிசோதிக்கிறவர் ஒரு நம்பர் எழுதினார். சந்தேகம் வந்து மூன்று நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார். வேறு நம்பர் வந்தது. கண்ணாடி அப்புறம் போட்டுக்கொள்ளலாம், முதலில் ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள் என்று அனுப்பினார். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. சர்க்கரை ஏறி இறங்க, கண்ணும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கியிருக்கிறது. டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கணக்கெடுப்பு வரைக்கும் காத்திருக்கவில்லை. அவரே மேனேஜர் அறைக்குப் போய்த் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார். கண் சரியில்லை என்றார். பொறிக் கம்பெனிக்காரன் வந்தான். இவர் தையல் பிரிவுக்குப் போனார். கிடைத்த இடம், வேறெங்கே, அந்தச் சாம்பல் துணிக்காரிக்குப் பக்கத்து முக்காலி. நல்ல வாயாடி. ராஜினாமா செய்த ராணுவத் தளபதி என்று அவரைக் கிண்டல் செய்வாள். மெஷினில் நூல் கோக்க அவர் தடுமாறினால் பிடுங்கிக் கோத்துக் கொடுப்பாள். அவள் கோத்துக் கொடுக்கும்போதெல்லாம் அவர் கண் அந்தச் சாம்பல் துணிக்குப் போகும். ஒரு மதிய இடைவேளையில் தாங்கமாட்டாமல் அன்று காலை சந்தில் நடந்ததைச் சொல்லிவிட்டார்.

அவள் கையிலிருந்த பாட்டிலை மூடினாள்.

"இருமல் வந்தது நல்லதாப் போச்சுண்ணே" என்றாள். பிறகு மெஷினைப் போட்டுவிட்டாள்.

மாத்திரையும் பத்தியமுமாகச் சில மாதம் போனது. சர்க்கரை அடங்கியது, கண் ஓரிடத்தில் நின்றது. மனைவி தன் கையாலேயே தேய்த்து ஒரு கண்ணாடி போட்டுக் கொடுத்தாள். மில்லில் யாரும் சிரிக்கவில்லை. துப்பாக்கிக் கடைக்காரர் திரும்ப வாங்கி வைத்திருந்த மூன்று ஸ்கோப்புகளையும் சோதித்துப் பார்த்தாராம். மூன்றும் முத்தாக இருந்தனவாம். நம் இருவருக்கும் இருக்கிற அறிவை விற்றால் ஒரு குண்டு வாங்க முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பொறியில் விழுகிற எலிகளைவிடப் பொறியைத் தாண்டிப் போகிற எலிகள் அதிகம் என்று ஆனதும் மேனேஜர் இவரைக் கூப்பிட்டார். கண்தான் சரியாகிவிட்டதே, நாளைக் காலையிலிருந்து பழையபடி துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மூன்றாவது ஸ்கோப்பையே வரவழைத்து மாட்டி வைத்திருந்தார். செய்தி தையல் பிரிவுக்குப் பரவ எவ்வளவு நேரம்? மெஷின்களை நிறுத்திவிட்டு, ஒத்தக்குண்டு திரும்பிவிட்டார் என்று கைதட்டினார்கள். சாம்பல் துணிக்காரியும் தட்டினாள். அன்றிரவு அவருக்கு சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து மரப்பெட்டியைத் தட்டி உட்கார்ந்தார். வளையத்தைத் தன் கண்ணுக்குத் திருகினார். கூட்டல் குறி மயிரிழையாக நின்றது. ஓர் எலி வந்தது, நின்றது, விழுந்தது. ஒரே குண்டு. வாளியில் போட்டார். நேரம் போனதே தெரியவில்லை. சங்கு ஊதியது. துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு மூக்குக்கண்ணாடி வழியாகக் கதவைப் பார்த்தார்.

தையல் பெண்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். மாவு நிறமும் சாக்கு நிறமும் சாம்பல் நிறமுமாகத் தலைத்துணிகள். நடுவில் ஒன்று மட்டும் ரத்தச் சிவப்பு. அவள்தான். புதுத் துணி, இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. வழக்கமாகச் சந்தின் குறுக்கே நடந்து போகிறவள், நின்று, பெட்டிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, சுவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

கிடங்கின் மறுகோடியிலிருந்து அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அந்த மடிப்புவரைக்கும் தெரிந்தது.

அவர் ஸ்கோப்புக்கு மூடி போட்டார். துப்பாக்கியைக் கொண்டுபோய் மேனேஜர் அறை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை மேஜைமேல் வைத்தார். பிறகு வந்து முக்காலியில் உட்கார்ந்து முதல் மூட்டையை இழுத்துக்கொண்டார். மெஷினில் நூலைத் தானே கோத்தார், ஒரே தடவையில்.