ஒரு சொல்லுக்கு வந்த காசு

“...கதைக்காத எண்டு சொல்றதுக்குச் சொன்ன சொல்லுகா அது. அதையே எடுத்து உலகமெல்லாம் கதைச்சுப்போட்டு, மறுகா ‘பேர் சொல்லல்லயே மாமி’ எண்டு என்னட்டயே சொல்றாய்.”

மாமி இதைச் சொன்னபோது என் தையல் அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். களுவாஞ்சிக்குடிச் சந்தையில் மீன் விற்றுவிட்டு நேரே வந்திருந்தார். வீட்டுக்குப் போகவில்லை, குளிக்கவில்லை. “இருங்க மாமி” என்று கதிரையை இழுத்துப் போட்டேன். கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நின்றபடியே நின்றார்.

சொந்தத்தில் எனக்கு அவர் மாமி இல்லை. சந்தைக்குப் போகிற பாதிப் பேருக்கு அவர் மாமி, மிச்சப் பேருக்கு அக்கா. விடியற்காலையில் ஆற்றங்கரைக்குப் போய்த் தோணிக்காரரிடம் மீன் எடுத்து வந்து விற்பவர். வாவி என்று எழுதுகிறோமே, அதைத்தான் நாங்கள் ஆறு என்கிறோம். மணலை மீன், இறால், எது கிடைக்கிறதோ அது. அவரிடம் மீன் வாங்கப் போனால் மீனோடு ஒரு சொல்லும் கிடைக்கும். விலை குறைக்கச் சொன்னால் ஒரு சொல், நிறுக்கும்போது தராசைக் குனிந்து பார்த்தால் ஒரு சொல். “வலை கிழிஞ்சா ஊசி இருக்கு, வாய் கிழிஞ்சா என்ன இருக்கு?” என்று சந்தைக் கூடத்தில் சண்டை போட்ட இரண்டு பெண்களைப் பார்த்து அவர் சொன்னதை, வீட்டுக்கு வந்ததும் அளவுக் கொப்பியில் யாரோ ஒருத்தியின் இடுப்பளவுக்குப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

அது என் பழக்கம். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் இந்த அறைக்குள் வந்த வாய்களிடம்தான். அளவு எடுக்கும்போது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆளுக்கு வாய் தானாகத் திறந்துவிடும். அப்படித் திறந்த வாய்களிலிருந்து விழுந்ததைத்தான் மூன்று வருடமாகப் பொட்காஸ்ட்டில் சொல்லிவந்தேன். வாரம் ஒன்று, இருபது நிமிடம். போனில் வீடியோ பார்த்துப் பழகிய வேலை. சுற்றிலும் துணி தொங்குவதால் எதிரொலி இல்லாத அறை இது. அந்த வசதிக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பெரிதாகக் காசு வரவும் இல்லை. ஊரில் ஆயிரம் பேர் கேட்டாலும் விளம்பரக் கணக்கில் அது ஒரு பிடி உமி. கனடாவிலும் சுவிஸிலும் கேட்டால் கொஞ்சம் கூட. காது ஒன்றுதான், இருக்கிற ஊரைப் பொறுத்து விலை. வந்ததெல்லாம் டேட்டாக் காட் போடவே காணாது. “நீ கதைச்சுக் கதைச்சுக் கோடீஸ்வரி ஆகப்போறாய், நான் இப்பவே வேலைய விடட்டா?” என்று என் மனிசன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு யோசிப்பேன். சட்டை தைத்தால் கூலி இருக்கிறது. கதை சொன்னால் ஏன் இல்லை? எனக்குப் பசி ஒன்றும் இல்லை, ரோசம் இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் சீலைக்கடை முதலாளி போன் எடுத்தார். அவருடைய மனைவி என் பொட்காஸ்ட் கேட்கிறவராம்.

“உங்கட சொல்லெல்லாம் நல்லம் தங்கச்சி,” என்றார். “ஆனா அதுல வயல் வருது, மாடு வருது, மழை வருது. சீலை உடுத்த ஒரு ஆளும் வருதில்லயே. கலியாணத்தப் பத்தி ஒண்டு செய்ங்க. சனம் சிரிக்கோணும். கடைப் பேர் மூண்டு தரம் வரோணும்.”

தருவதாகச் சொன்ன தொகை ஆறு சட்டை தைக்கிற கூலி. இருபது நிமிடத்துக்கு ஆறு சட்டை! போனை வைத்துவிட்டு அளவுக் கொப்பியைத் திறந்தேன். கலியாணத்தைப் பற்றிய சொற்கள் கொஞ்சம் இருந்தன, எல்லாம் பழசு, எல்லோரும் கேட்டது. சிரிப்பு வராது. ஒன்றுதான் புதிதாக இருந்தது. மூன்று வாரத்துக்கு முந்தி மாமி சொன்னது.

அன்றைக்கு மாமி மகளுக்குச் சட்டை தைக்க நல்ல துணி கொண்டுவந்திருந்தார். துணியின் விலை எனக்குத் தெரியும். “என்ன மாமி, விசேஷமா?” என்று கேட்டேன். சொல்ல வேண்டாம் என்று நினைத்தவர் சந்தோசத்தில் சொல்லிவிட்டார். தேற்றாத்தீவுப் பொடியன். கட்டாரில் வேலை. இரண்டு பகுதியும் கதைத்தாயிற்று, பொடியன் லீவில் வந்ததும் நாள் குறிப்பதாக ஏற்பாடு. மகள் என்ன சொல்கிறாள் என்றேன். “அவள் என்ன சொல்றது, போனும் கையுமாத் திரியிறாள்” என்று சிரித்தார். வெளிக்கிடும்போது வாசலில் நின்று திரும்பினார்.

“கரைக்கு வந்தாத்தான் மீன், புள்ள.”

அது மாமியின் சொல். நாளைக்கு இறால் வருமா, பெரிய மீன் கிடைக்குமா என்று சந்தையில் யார் கேட்டாலும் அவர் சொல்கிற பதில் அதுதான். ஆற்றுக்குள் கிடக்கிற வரைக்கும் அது ஆற்றின் சாமான், அதைப் பற்றிக் கதைக்காதே. அன்றைக்கு என் வாசலில் அதற்கு வேறு பொருள் இல்லை. நாள் குறிக்கும்வரை வெளியே விடாதே, கண்படும். எனக்கு அது விளங்கியது. விளங்காமல் செய்தேன் என்று எழுதினால் பொய்.

பேர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. “ஓரிடத்தில் ஒரு அம்மா, மகளுக்கு மாப்பிள்ளை பேசியிருக்கிறா, பொடியன் வெளிநாட்டில்” என்று தொடங்கினேன். “என்னம்மா சரிவந்திட்டுதா எண்டு கேட்டா, அந்த அம்மா சொல்லுது, கரைக்கு வந்தாத்தான் மீன்!” என்று மாமியைப் போலவே இழுத்துச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். சிரிப்புப் போதாது என்று பட்டது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தாய் தகப்பன் கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். அதைப் பிடித்துக்கொண்டு என் வாயால் ஒன்று சேர்த்தேன். “அப்ப பாருங்க, எங்கட ஊர்ல வலை போடுறது ஆரு, அகப்படுறது ஆரு? கடல் தாண்டிப் போன மீனும் கடைசியில மாமியார்ட சட்டிக்குத்தான்!” பிறகு கடையின் பேரைச் சொன்னேன், மூன்றாவது தரம்.

அவ்வளவு பேர் கேட்டது அதுவரை கிடையாது. யார் யாரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டார்கள். முதலாளி காசையும் அனுப்பி, அடுத்ததுக்கும் கேட்டார். என் மனிசன் பகிடி விடவில்லை, “பரவாயில்லயே” என்றார். இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் சட்டை எடுக்க வந்த ஒரு பெண் பையைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டாள். “அது எங்கட மீன் மாமிதானே அக்கா? அவட சொல்லுதானே? ஆரு மாப்பிள?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேரை மறைத்தேன், சொல்லை மறைக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரே பேர் பத்துப் பேருக்கு இருக்கும். சொல் அப்படியில்லை. இன்னார் சொல் என்றால் இன்னாருடையதுதான். இத்தனை வருடம் சொல் பொறுக்கித் திரிந்த எனக்கு அது தெரியாமல் போயிற்று என்று யாரிடம் சொல்வது?

முதலாளிக்கு எடுத்து, அதை அழிக்கப் போகிறேன் என்றேன். “ஐயோ தங்கச்சி, இப்பதான் ஓடுது. ஒள்ளுப்பம் பொறுங்க. ஆரும் வந்து கேட்டவங்களா? கேக்கட்டும், மறுகா பாப்பம்” என்றார். நான் பொறுத்தேன். இரண்டு நாள். அவர் என் கையைப் பிடித்து வைத்திருக்கவில்லை. அழிக்கிற பொத்தான் என் போனில்தான் இருந்தது. ஒவ்வொரு தரமும் போனைத் திறந்து, எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மூடினேன்.

தேற்றாத்தீவு என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். கதை லண்டனைச் சுற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையின் சித்தி ஒருவர் லண்டனில் இருக்கிறார். அவர் அந்தத் துண்டைத் தன் அக்காவுக்கு அனுப்பி, “இது உங்களுக்குப் பேசியிருக்கிற இடந்தானே?” என்று கேட்டிருக்கிறார். அந்த அக்கா, அதாவது மாப்பிள்ளையின் தாய், மாமியிடம் வருடக்கணக்காக மீன் வாங்குகிறவர். சொல்லைக் கேட்டதும் ஆள் விளங்கியிருக்கிறது. “என்ட மகன் வெயில்ல கிடந்து உழைக்கிறவன். அவட சட்டிக்கு மீனில்ல” என்று இடையில் நின்று பேசியவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். அதன்பிறகு மாமி எத்தனை தரம் எடுத்தும் போனைத் தூக்கவில்லை. சட்டை தைக்க வந்தவர்கள் சொல்லி அது தெரிந்த பிறகுதான் நான் அழித்தேன்.

அடுத்த நாள் மாமி வந்து என் அறையில் நின்றார்.

“அழிச்சிட்டன் மாமி,” என்றேன். “இப்ப அதுல இல்ல.”

“எதுல இல்ல?”

“என்ட பொட்காஸ்ட்ல.”

“மாப்பிளட அம்மாட போன்ல கிடக்கே. அவட தங்கச்சிட போன்ல கிடக்கே. அங்க போய் அழிப்பியா?” மேசையில் பாதி வெட்டிக் கிடந்த துணியைத் தொட்டார். “துணியெண்டாப் பிரிச்சுத் தைப்பாய். இத எப்பிடிகா பிரிப்பாய்?”

நான் அந்தத் துணியை மடித்து ஓரமாக வைத்தேன்.

“எவ்வளவு தந்தான் அந்தக் கடைக்காரன்?”

சொன்னேன். மாமி கொஞ்சம் யோசித்தார். “மோசமில்ல,” என்றார். “ஒரு கிழமை நான் வெயில்ல இருந்தாலும் அவ்வளவு மிஞ்சாது.” நக்கலாகச் சொல்லவில்லை. நக்கலாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

“தங்கச்சி என்ன செய்றா?” என்று கேட்டேன். மகளைத்தான் கேட்டேன்.

“படுத்துக் கிடக்கிறாள். ரெண்டு நாளாச் சோறு இல்ல. அந்தப் பொடியன் ஒவ்வொரு நாளும் எடுக்கிறவன். இப்ப அவனும் எடுக்கிறல்ல. ‘வாய வச்சிருக்க ஏலாதா உனக்கு’ எண்டு என்னத்தான் ஏசுறாள், உன்னயில்ல.”

“நான் போய்ச் சொல்றன் மாமி. சட்டிக் கதை நான் சேர்த்தது, நீங்க சொன்னதில்ல எண்டு அவங்கட வீட்டுக்கே போய்ச் சொல்றன்.”

“நீயா? நீ வாயத் துறந்தா ஆராவது காசு தந்துருவான். நீ கதைச்சது காணும்.” கையை நீட்டினார். “உன்ட போனைத் தா. என்ட நம்பரெண்டா அவ தூக்குறா இல்ல.”

கொடுத்தேன். திரும்ப என்னிடமே நீட்டி, இலக்கத்தை மனப்பாடமாகச் சொன்னார். நான் அழுத்திக் கொடுத்தேன். மூன்றாவது மணியில் தூக்கினார்கள்.

“நான்தான். வைக்காதீங்க,” என்றார் மாமி.

நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இப்போதும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் விழும், எல்லாவற்றையும் ஒரே அடியில் சரிக்கட்டுகிற மாதிரி ஒன்று சொல்லுவார் என்று எனக்குள் ஒருத்தி காத்திருந்தாள். அந்த வெட்கங்கெட்டவளையும் எழுதத்தான் வேண்டும். மாமி அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

“உங்கட மகன எங்களுக்கு வேணும்,” என்றார். “விரும்பித்தான் கேட்டம். இப்பவும் கேக்கிறன். மகளுக்கும் அவரத்தான் வேணும். நாள் வைக்கிற வரைக்கும் ஆருக்கும் தெரிய வேணாம் எண்டுதான் நான் சொன்னது. உங்கள நான் ஒரு சொல்லும் குறைவாச் சொல்லல்ல.”

மாப்பிள்ளையின் தாயின் குரல் போனையும் தாண்டி எனக்கே கேட்டது.

“அப்ப அந்தச் சட்டிக் கதை? அது நீங்க சொல்லிக் குடுத்ததா, அந்தத் தையல்காரி தானாச் சொன்னதா?”

மாமி என்னைப் பார்த்தார். பிறகு போனைக் காதோடு அமர்த்திப் பிடித்துக்கொண்டு, செருப்பையும் போடாமல் முற்றத்தில் இறங்கி, கேட்டைத் திறந்து ரோட்டுக்குப் போய், எனக்குக் கேட்காதபடி தன் கையாலேயே அதை இழுத்துச் சாத்தினார்.